எதிர்பார்க்கும் சம்பளம்

பத்மப்ரியாவின் வேலை விண்ணப்பம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. இரண்டாயிரத்து இரண்டு ஜனவரியில் வாங்கியது. மாதாப்பூரில் எங்கள் சின்ன மென்பொருள் கம்பெனிக்கு ஆளெடுப்பது என் வேலை. எதிர்பார்க்கும் சம்பளம் என்ற கட்டத்தில் எல்லோரும் ஒரு தொகை எழுதுவார்கள். இவள் குண்டு குண்டான எழுத்தில் 'கம்பெனி விதிப்படி' என்று எழுதியிருந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. வருடத்துக்கு ஐந்தரை லட்சம் வரை கொடுக்க அனுமதி இருந்தது, மூன்றரையில் முடித்தேன். முதலாளி என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

விதியாவது மண்ணாவது! அப்படி ஒரு விதியே எங்களிடம் கிடையாது. கேட்டவனுக்குக் கொடுப்போம், அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு அப்படித்தான் எழுத வரும். அவளுடைய அப்பா அனந்தராமன் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவர். சைனிக்புரியில் எங்களுக்கு அடுத்த தெரு. அவர்கள் வீட்டில் சம்பளம் என்பது ஊதியக் கமிஷன் சொல்லி, அரசாங்கம் ஏற்று, தானாக வந்து சேர்வது. வாயைத் திறந்து கேட்பது பிச்சை எடுப்பது மாதிரி. பால் பூத்தில் என்னைக் கண்டால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்துவார், விடமாட்டார்.

"அரசு சார், என் பொண்ணு ஒரு பைசா ஜாஸ்தி வேணும்னு என்னிக்காவது வந்து நின்னிருப்பாளோ?"

"இல்லவே இல்ல சார்."

மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிடும். நான் பால் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நழுவிவிடுவேன்.

வேலையில் அவள் புலி. அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் பில் போடும் மென்பொருள் எங்களுடையது. அது படுத்துக்கொண்டால் நாலு ஆம்பிளைகள் மண்டையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். இவள் டிபன் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு பத்து நிமிஷம் பார்ப்பாள். "இங்கதான் சார் இடிக்கறது" என்பாள். சரியாக அங்கேதான் இடிக்கும். அவளுக்குக் கீழே புதிதாக வந்த கௌஷிக்கைத் தயார் செய்ததும் அவள்தான். அவன் சேர்ந்த இரண்டு வருடத்தில் மூன்று முறை என் அறைக்கு வந்து, வேறு கம்பெனியின் கடிதத்தை நீட்டி, சம்பளத்தை ஏற்றிக்கொண்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், பிழைக்கத் தெரிந்தவன்.

பத்மப்ரியாவின் கணவர் வெங்கட்ரமணன் நியூஜெர்சியில் மூன்று வருடமாகத் தனியாக இருந்தார். மனைவி என்ற விசாவில் அவள் என்றைக்கு வேண்டுமானாலும் போகலாம். ஆனால் அந்த விசாவில் போனால் அங்கே வேலை செய்யக் கூடாது. அவளுக்கு வேலையும் வேண்டும், குடும்பமும் வேண்டும். அதனால் கம்பெனி மூலம் தன் பெயரிலேயே விசா கிடைக்கட்டும் என்று காத்திருந்தாள். மகள் ஹம்ஸினிக்கு அப்பா என்றால் ஞாயிற்றுக்கிழமை போன்தான்.

இரண்டாயிரத்து எட்டில் நாலு பேருக்கு அந்த வேலை விசாவுக்கு மனுப் போடுவது என்று முடிவானது. முந்தின வருடம் மனுக்கள் குவிந்து, அமெரிக்காவில் குலுக்கல் போட்டுத்தான் எடுத்தார்கள். குலுக்குவதற்குப் பதில் சம்பளம் அதிகம் உள்ளவனை முதலில் எடுக்கலாமே என்று அங்கே யாரோ யோசனை சொன்னதாக முதலாளி எதிலோ படித்திருந்தார்.

"ஏமண்டி அரசு காரு, நல்ல யோசனைதானே? நாமும் அப்படியே எடுப்போம். சம்பள வரிசையில் முதல் நாலு பேர்."

பட்டியல் போட்டேன். கௌஷிக் மூன்றாவது. பத்மப்ரியா ஒன்பதாவது. நேரே அவர் அறைக்குப் போனேன்.

"சார், இந்தப் பட்டியல்லயே கெட்டிக்காரி அவதான். அவளை விட்டுட்டு..."

அவர் நிதானமாகக் கேட்டார்: "அவ்வளவு கெட்டிக்காரின்னா சம்பளம் ஏன் கம்மியா இருக்கு?"

ஐந்தரை கொடுக்க இருந்தும் மூன்றரைக்கு முடித்தவன் நான். அதற்கு முதுகில் தட்டு வாங்கியவனும் நான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

விஷயத்தை அவளிடம் நானே சொன்னேன்.

"மறுபடியும் போய்ப் பேசறேம்மா" என்றேன்.

"நக்கோ, வேணாம் சார். எனக்காக நீங்க யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாம்."

மே மாதம் ராஜினாமாக் கடிதம் வந்தது. ஹம்ஸினி போனில் அப்பாவோடு பேச மாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்துவிட்டாளாம். இனித் தாங்காது, மனைவி விசாவிலேயே போகிறேன் என்றாள். இத்தனை வருடம் கற்ற வேலையை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போகிறாள். வயிற்றெரிச்சலாக இருந்தது. யார்மேல் எரிவது?

கடைசி நாள் அடையாள அட்டையைக் கொடுக்க வந்தாள். நான் ரசீது எழுதும்போது, மேஜையில் கிடந்த புது விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் இடத்துக்கு வந்தவை. எல்லாவற்றிலும் அந்தச் சம்பளக் கட்டத்தில் தொகை இருந்தது.

"சார், அன்னிக்கு நானும் ஒரு நம்பர் எழுதியிருந்தா குடுத்திருப்பேளா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"குடுத்திருப்பேம்மா. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

ரசீதை வாங்கி இரண்டாக மடித்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"அப்பா பால் பூத்துல உங்களைக் கேப்பார் சார். அவர்கிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதீங்கோ."