ஒட்டியிருந்த வாஷர்

மகளின் ரிமோட் காரில் பின்சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கரப் பெட்டியான டிபரன்சலைக் கழற்றிக் கழுவி, புது கிரீஸ் வைத்துப் பூட்டினேன். பின்சக்கரங்கள் சுற்றாமல் இறுகி நின்றன. திருகாணிகளைத் தளர்த்தியும் பயனில்லை. மறுபடி திறந்தபோது கிரீஸ் வாசனை மூக்கில் ஏறியது.

எனக்கு எட்டு வயதில், தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறியின் டிபரன்சலை, அங்கே மெக்கானிக்காக இருந்த அப்பா கழற்றிப் பூட்டினார். லொறி அசையவில்லை. மலையில் பறித்த கொழுந்து சாக்குகளுக்குள் சூடேறிக்கொண்டிருந்தது.

"என்னா மாணிக்கம், பூட்டுனியா, ஈயத்த ஊத்தி அடைச்சியா?" என்றார் டிரைவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு வாஷர் போக வேண்டிய இடத்தில் மெல்லிய வாஷர்கள் இரண்டு கிரீஸில் ஒட்டி, ஒன்றாகவே உள்ளே போனதை நான் பார்த்திருந்தேன். அத்தனை பேர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. மறுநாள் தோட்டத்து அதிகாரியான துரை, அப்பாவை மலையில் மண்ணைக் கிளறி முள்ளுக்குத்தும் கூலி வேலைக்கு மாற்றினார். அதற்குப் பிறகு அப்பா ஸ்பேனரைத் தொடவில்லை.

"அப்பா, இங்க பாருங்க, ரெண்டு வாஷர் ஒட்டிக்கிட்டு இருக்கு!" மகள் நகத்தால் பிரித்துக் காட்டினாள். ஒன்றை எடுத்துவிட்டுப் பூட்டினேன். சக்கரங்கள் லேசாகச் சுற்றின.

"கண்டுபிடிச்சிட்டேன்ல, ஏன் மூஞ்சிய தொங்கப் போட்டிருக்கீங்க?" என்றாள். நடந்ததைச் சொன்னேன்.

"என்கிட்ட சொல்லி என்னா செய்ய? தாத்தா உள்ளதான இருக்காங்க."

மிஞ்சிய வாஷரைத் துடைத்து எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன்.