பழனிக்குப் போனதா சொன்ன வீடு

வேன் நின்னதுதான் தெரியும், பக்கத்து வீட்டுக் கதவு தொறந்துருச்சு. மனநல வார்டுலேர்ந்து வீட்டுக்குப் போனவங்களுக்கு ஊசி, கவுன்சிலிங், அதுக்கான செலவுன்னு பிளான் போட்டுக் குடுக்குறதுதான் என் வேலை. அதுல நான் பண்ணுன பெரிய தப்பு அன்னிக்குத்தான். (ரெண்டு போன் காலுக்கு நடுவுல டைப் பண்றேன். பேரெல்லாம் மாத்திட்டேன்.)

திருநீறு

சுங்கை பாக்காப்ங்கிற சின்ன ஊரு. குமார் அண்ணே பேக்டரியில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவரு, வார்டுலேர்ந்து வந்து பத்து நாள். நான் ஜார்ஜ்டவுன்லேர்ந்து எங்க புது வேன்ல பெருமையா போய் இறங்குறேன். ரெண்டு பக்கமும் 'மனநலச் சேவை'ன்னு மூணு பாஷையில, ரோட்டு முனையிலேர்ந்தே படிக்கலாம்! பக்கத்து வீட்டு ராணி அக்கா படிச்சிட்டாங்க. அண்ணே வாசலுக்கு வந்தாரு, வேனப் பாத்தாரு, உள்ள போயி கதவ சாத்திட்டாரு. ராணி அக்கா மெதுவா கேட்டாங்க: "என்னா தம்பி இது? அவரு பழனிக்குப் போயிட்டு வந்தாருன்னு அவரு வீட்டுல எனக்குத் திருநீறுகூட குடுத்தாங்களே?"

கலர் பைல்

அடுத்த வியாழக்கிழமை அவருக்கு ஊசி. போன தடவ ஊசிய விட்டுத்தான் திரும்பவும் வார்டுக்கு வந்தாரு. பயத்துல போன் அடிச்சிக்கிட்டே இருந்தேன். எடுக்கல. மூணாம் நாள் அவரு சம்சாரம் மாலா அக்கா எடுத்தாங்க.

ஊசிக்கு ஒரு கலர், செலவுக்கு ஒரு கலர்னு பிரிச்சு வச்சிருக்குற பைலப் பாத்து நான் பாட்டுக்கு ஒப்பிச்சேன். ஊசி செபராங் ஜெயா கிளினிக்ல, செலவு கம்மி. கவுன்சிலிங்குக்குப் பாதி எங்க பண்டு, மீதி அக்கா சீட்டு எடுத்த காசு. முடிக்கிற வரைக்கும் கேட்டாங்க. அப்புறம் சொன்னாங்க: "காசுக்கு வழி பண்ணியாச்சு தம்பி. லிட்டில் இந்தியா கடையில திருநீறு வாங்கி, பழனிதுன்னு சொல்லி இந்தத் தாமான்ல எல்லா வீட்டுக்கும் குடுத்தேன், அவரு தலைநிமிந்து வேலைக்குப் போகணும்னு. எல்லாத்தையும் கேட்டீங்க, வெளிய என்னா சொல்லி வச்சிருக்கோம்னு மட்டும் கேக்கல."

வியாழக்கிழமை

பேர் அட்டைய பாக்கெட்டுல போட்டுக்கிட்டு எட்டு மணிக்கே கிளினிக்ல உக்காந்துட்டேன். அவரு நம்பர கூப்பிட்டாங்க. ஆள் இல்ல. இன்னொரு தடவ கூப்பிட்டாங்க. இல்ல. என்னாலதான், என்னாலதான்னு வாசலுக்கும் பெஞ்சுக்கும் நடந்துக்கிட்டே இருந்தேன்.

பதினோரு மணிக்கு ஹெல்மெட்டோட வந்தாரு! நேரா உள்ள போயி ஊசி போட்டுட்டு வெளிய வந்தாரு. "மன்னிச்சிருங்க அண்ணே"ன்னேன். "நேத்து ராணி அக்கா வந்துச்சு. இனிமே என்னத்த மறைக்கிறது, வார்டுலதான் இருந்தேன்னு சொல்லிட்டேன். அழுதுருச்சு தம்பி. அது மவ ஆறு மாசமா ரூம விட்டு வெளிய வரலையாம். உன்னைய வரச் சொல்லுச்சு. ஆனா அந்த வேன் வேணாம்லா, மோட்டார் சைக்கிள்ல வா."

இப்ப என் கலர் பைல்ல, ஊசிக்கும் செலவுக்கும் முன்னாடி மொத கேள்வியே, எந்தக் கோயிலுக்குப் போனதா சொல்லி வச்சிருக்கீங்கங்கிறதுதான்.