கடைசி மூன்று எண், 418

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வண்டிகளுக்கு நம்பர் ஒட்டிக் கொடுக்கும் கடை என்னுடையது. பெயர் திருமுருகன். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவன் வண்டிக்கு எண் வெட்டி ஒட்டுகிறேன். என் பைக்கில் ஒரு எழுத்து உரிந்து போய் ஒரு வருஷம் ஆகிறது. அதை ஒட்ட எனக்கு நேரமில்லை.

கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. அதில் பிளைவுட் மேசை போட்டு, மேலே ரயில் பாதை ஒன்றை வளைத்து வைத்திருக்கிறேன். இதைப் பொம்மை ரயில் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இது மாடல் ரயில். நிஜ ரயிலை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கினால் என்ன அளவு வருமோ, அந்த அளவு. ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்கு இதில் சக்கரம் இருக்கும். கதவுக் கைப்பிடி கூட இருக்கும், வேண்டுமானால் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கலாம்.

மாதத்தில் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு நாங்கள் நான்கு பேர் அங்கே கூடுவோம். நான், பேங்க்கில் வேலை பார்க்கும் சுதாகர், பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தும் சூர்யகலா டீச்சர், விழுப்புரத்திலிருந்து வரும் தேவசகாயம். அவரவர் புதிதாக வாங்கியதைப் பெட்டியோடு கொண்டுவந்து அங்கேதான் பிரிக்க வேண்டும். எஞ்சினை மேசையில் வைத்து அதன் எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண்ணுள்ள நிஜ எஞ்சினை எந்தத் தேதியில், எந்த இடத்தில் கண்ணால் பார்த்தோம் என்றும் சொல்ல வேண்டும். பார்க்காத எஞ்சினின் எண்ணை ஒட்டக்கூடாது. இது எங்கள் சட்டம். சுதாகர் ஒருமுறை புருடா விட்டு மாட்டிக்கொண்டான். அவன் பார்த்ததாகச் சொன்ன எஞ்சின் அந்த வாரம் பழுது பார்க்கப் போயிருந்தது, டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். அன்றைக்கு எல்லோருக்கும் பஜ்ஜி அவன் செலவு.

எங்களில் தேவசகாயம்தான் நிஜ ரயில் ஓட்டுகிறவர். அவர் அப்பாவும் அம்மாவும் மண்டகப்பட்டுப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் களை எடுத்தவர்கள், மல்லாட்டைக் கடலை பிடுங்கியவர்கள். இவர் ரயில்வே பரீட்சை எழுதி, உதவி ஓட்டுநராகச் சேர்ந்து, சரக்கு வண்டி, பாசஞ்சர் என்று படிப்படியாக ஏறி எக்ஸ்பிரஸ் ஓட்டுகிற இடத்துக்கு வந்தார். முதல் தடவை அவர் என் கடைக்கு வந்தபோது நான் நேராகவே கேட்டேன்.

"ஏன்யா, நாள் பூரா நெஜ ரயிலு ஓட்டற. அப்புறம் இது எதுக்கு?"

"எஞ்சினுக்குள்ள ஒக்காந்துக்கினு இருந்தா முன்னாடி தண்டவாளம் மட்டும்தான் தெரியும் முருகா. நான் ஓட்டற ரயிலு எப்படி இருக்குதுன்னு நான் பாத்ததே இல்ல," என்றார்.

அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அவர் கூட்டத்துக்கு வந்தால் பேச்சு தூள் பறக்கும். எஞ்சினை மேசையில் வைத்துவிட்டு, அதை எங்கே பார்த்தேன் என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஓடும். இந்த ஜனவரிக்குப் பிறகு அந்த மனிதர் மாறிப்போனார். பிப்ரவரியில் வந்தார், உட்கார்ந்தார், டீ குடித்தார், போனார். மார்ச்சில் அதுவும் இல்லை, டீ ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்தது. புதிதாக என்ன வாங்கினாய் என்று கேட்டால், "ஒண்ணும் வாங்கல," என்றார். ரயில்வே பாஸ் வைத்திருக்கிற ஆள் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வர ஆரம்பித்தார். "ரயில்வேக்காரன் டிக்கெட் வாங்கிக்கினு பஸ்ல வர்றான்யா," என்று கிண்டல் பண்ணினேன். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினால்கூட எதிரொலி வரும்.

மார்ச் கடைசியில் அவர் மனைவி புனிதா எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, அவரு உங்ககிட்ட எதனா சொன்னாரா?"

"இல்லியேம்மா. என்னா விஷயம்?"

"எதுவும் பேசறதில்லண்ணே. சாப்பாடு போட்டா சாப்புடறாரு, போடலன்னா கேக்கறதில்ல. டூட்டிக்குப் போறாரு, வர்றாரு. துணி தொவைக்கறப்ப பாக்கெட்ல ஒரு லெட்டர் இருந்துச்சி. இனிமே வண்டி ஓட்ட முடியாது, ஆபீஸ்ல எதனா வேல குடுங்கன்னு எழுதியிருக்காரு. தேதி போடல. மூணு வாரமா சட்ட மாத்தி சட்ட அதையே வெச்சிக்கினு சுத்தறாரு. கேட்டா ஒண்ணுமில்லங்கறாரு. நீங்க கேளுங்கண்ணே. உங்ககிட்டதான் பேசுவாரு."

ரயில் ஓட்டுவதை விட்டுவிட்டால் தேவசகாயம் என்ன ஆவார் என்று எனக்குப் பயம் வந்தது. சுதாகரிடமும் டீச்சரிடமும் சொன்னேன். மூன்று பேரும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தோம். ரொம்பப் புத்திசாலித்தனமான முடிவு என்று அப்போது நினைத்தோம். அவர் ஓட்டுகிற மாதிரி எஞ்சின் ஒன்றை நாங்களே வாங்கி, அவர் ஓட்டிய எஞ்சினின் எண்ணை ஒட்டிக் கொடுப்பது. அதைப் பார்த்தால் மனிதருக்கு வாய் திறக்கும் என்று கணக்கு.

எந்த எண்ணை ஒட்டுவது? எங்கள் வாட்ஸ்அப் குழுவில் தேடினோம். அவர் கடைசியாகப் போட்ட படம் ஜனவரி ஒன்பதாம் தேதி. காலை ஆறரை மணி, விழுப்புரம் பிளாட்பாரம், பனி. எஞ்சினுக்குப் பக்கத்தில் மப்ளர் கட்டிக்கொண்டு நிற்கிறார், பல் தெரியச் சிரிக்கிறார். எஞ்சின் முகத்தில் எண் பளிச்சென்று இருந்தது. கடைசி மூன்று எண் 418.

"இதாண்ணா. எவ்ளோ சந்தோஷமா இருக்காரு பாருங்க," என்றான் சுதாகர்.

எஞ்சின் வந்ததும் நான் இரண்டு நாள் உட்கார்ந்து எண் வெட்டினேன். அரிசியை விடச் சின்ன எழுத்து. முன்னால், பின்னால், இரண்டு பக்கவாட்டிலும். படத்தைப் பெரிதாக்கி, எண்ணுக்குக் கீழே இருந்த கீறலைக்கூட விடவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு நம்பர் ஒட்டியதில்லை. எனக்கு அதில் பெருமை வேறு.

ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு. தேவசகாயம் வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பாக்கெட்டில் மடித்த காகிதம் துருத்திக்கொண்டிருந்தது. டீச்சர்தான் பெட்டியை அவர் முன்னால் வைத்தார்.

"உங்களுக்குத்தான் சார். நாங்க மூணு பேரும் வாங்கனது. நீங்களே பிரிங்க."

அவர் பிரித்தார். எஞ்சினைக் கையில் எடுத்தார். எண்ணைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நாங்கள் மூன்று பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம்.

"நம்பர் சொல்லணும் டிரைவரே. சட்டம்னா சட்டம்," என்றேன் நான். என் வாய்தான் எனக்கு எதிரி.

அவர் எஞ்சினை மேசையில் வைத்தார். பள்ளிப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார்.

"கடைசி மூணு நம்பர் நானூத்திப் பதினெட்டு. பாத்த தேதி ஜனவரி ஒம்போது. காலைல ஏழு மணி. எடம், பேரணிக்கும் மயிலத்துக்கும் நடுவுல. ஆள் அடிபட்டுப் பூட்டாரு."

கீழே ரோட்டில் ஷேர் ஆட்டோக்காரன் ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

அவரே தொடர்ந்தார். "சைக்கிளத் தூக்கிக்கினு தண்டவாளத்தத் தாண்டனாரு. அவரு தாண்டிட்டாரு. சைக்கிளு மாட்டிக்கிச்சி. திரும்பி வந்து இழுத்தாரு. நான் ஹாரன் அடிச்சிக்கினே இருக்கேன். பிரேக்கு போட்டுட்டேன். வண்டி நிக்கணுமே. முக்கா கிலோமீட்டர் போய்த்தான் நின்னுது. சைக்கிள வுட்டுட்டு நகந்திருந்தா போதும். வுடல. என்னைப் பாத்தாரு."

"அப்புறம்?" என்றான் சுதாகர்.

"அப்புறம் என்னா. எறங்கிப் போய்ப் பாத்தோம். எழுதிக் குடுத்தோம். மெட்ராஸ் வரைக்கும் ஓட்டிக்கினு போனேன். மூணு நாள் லீவு குடுத்தாங்க. மறுபடி டூட்டி. எனக்கு ஒண்ணும் ஆவல. அழுகையும் வர்ல, தூக்கமும் கெடல. அதான் எனக்குப் புரியல. ஒரு ஆள் செத்துருக்காரு, எனக்கு ஒண்ணுமே ஆவல."

எனக்கு அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. போனை எடுத்துத் தள்ளிப் பார்த்தேன். ஜனவரி ஒன்பது, காலை ஏழு நாற்பது. நான் அன்றைக்கு அதே வண்டிக்குத் திண்டிவனம் ஸ்டேஷனில் நின்றிருக்கிறேன். குழுவில் எழுதியிருக்கிறேன்: "வண்டி அரை மணி லேட்டு. டிரைவர் டீ குடிக்கப் போயிட்டாரா?" கூடவே சிரிக்கிற முகம் மூன்று. அதற்குக் கீழே தேவசகாயம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் எமோஜி ஒன்றைப் போட்டிருந்தார். மூன்று மாதமாக அது என் போனிலேயே கிடக்கிறது.

"நம்பர உரிச்சிடறன்யா. இப்பவே உரிச்சிடறேன்," என்று பிளேடைத் தேடினேன்.

"வேணாம். அது மேல என்னா தப்பு. பாதைல வை."

வைத்தேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை அவர் கையில் எடுத்துக்கொண்டார். எஞ்சின் மெதுவாகக் கிளம்பியது. வளைவைத் தாண்டி நேர்ப்பாதைக்கு வந்ததும் குமிழைத் திருப்பினார். சட்டென்று நின்றது. அந்த இடத்தில் ஸ்டேஷனும் இல்லை, ரயில்வே கேட்டும் இல்லை. வெறும் பிளைவுட். மறுபடி ஒரு சுற்று. அதே இடத்தில் நின்றது. மறுபடியும். டீச்சர் எண்ணினார் போல, பதினோரு தடவை என்று பிறகு சொன்னார்.

"இது நிக்குது பாரு முருகா," என்றார். "சொன்ன எடத்துல நிக்குது."

எனக்கு அழுகை வந்தது. டீச்சர் திரும்பிக்கொண்டார். தேவசகாயம் கண் காய்ந்தே இருந்தது. எஞ்சினை என்னிடமே விட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

சாயங்காலம் புனிதாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "அன்னிக்கி வந்து அவரே செருப்பக் கழுவனாருண்ணே. சேறுன்னு நெனச்சேன்," என்றார்.

அடுத்த நாள் தேவசகாயம் அந்தக் கடிதத்துக்குத் தேதி போட்டுக் கொடுத்துவிட்டார். இப்போது விழுப்புரத்தில் டிரைவர்கள் டூட்டிக்குக் கையெழுத்துப் போடும் அறையில் வேலை. எக்ஸ்பிரஸ் ஓட்டியவர் ரிஜிஸ்டரை நீட்டுகிறார். சந்தோஷமா என்று நான் போனில் கேட்டேன். "தெரியல," என்றார். வருத்தமா என்று கேட்டேன். அதுவும் தெரியவில்லை என்றார். நான் போனை வைத்துவிட்டு, வந்த வாடிக்கையாளர்மேல் எரிந்து விழுந்தேன்.

மே மாதம் அவர் வரமாட்டார் என்று நினைத்திருந்தோம். பத்து மணிக்குச் சரியாக வந்தார். கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சின்னப் பெட்டி.

"புதுசு வாங்கியிருக்கேன்," என்றார்.

நாங்கள் மேசையைச் சுற்றி நின்றோம். பெட்டிக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் ஒரு மனிதன், ஒரு சைக்கிள். ரயிலுக்குப் பக்கத்தில் வைக்கிற அளவு, சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் உயரம். வெள்ளைக்கார முகத்தோடு வருகிற பொம்மைக்கு அவரே வேட்டியும் கட்டம்போட்ட சட்டையும் வரைந்து, கருப்பு நிறம் கொடுத்திருந்தார். சைக்கிள் கேரியரில் தூக்குச்சட்டி ஒன்று ஒட்டியிருந்தது.

எண் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்.

"பேரு கொளஞ்சி. அம்பத்தெட்டு வயசு. போன வாரம் அவரு வூட்டுக்குப் போனேன். நான்தான் அன்னிக்கி வண்டி ஓட்டுனேன்னு சொன்னேன். அவரு சம்சாரம் ஒக்காருங்கன்னு சொல்லி, குடிக்கத் தண்ணி குடுத்தாங்க. சைக்கிளு மவன் வாங்கிக் குடுத்ததாம். அப்ப வாங்கி நாலு நாளுதான் ஆச்சாம்." பெட்டியை மேசையில் வைத்தார். "பாத்த தேதி ஜனவரி ஒம்போது. எடம், பேரணிக்கும் மயிலத்துக்கும் நடுவுல."

நான்கு மாதத்தில் முதல் தடவையாக அந்த மனிதர் அழுதார். கையால் முகத்தை மூடவில்லை. அழுதுகொண்டே பொம்மையைப் பஞ்சிலிருந்து எடுத்தார்.

ஏப்ரலில் எஞ்சினை நிறுத்திய அதே இடத்துக்குக் குனிந்தார். தண்டவாளத்துக்கு மேலே கையைக் கொண்டுபோய், அதைத் தாண்டி, அந்தப் பக்கத்தில் கொளஞ்சியை வைத்தார். பக்கத்தில் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினார். இரண்டும் பாதையிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி இருக்கின்றனவா என்று விரலை வைத்துப் பார்த்தார்.

பிறகு குமிழை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நீ ஓட்டு முருகா."

நான் 418ஐ ஓட்டினேன். அது வளைவைத் தாண்டி, நேர்ப்பாதைக்கு வந்து, நிற்காமல் கொளஞ்சியைக் கடந்து போனது.