தங்கூசி தொட்ட இடம்

ஆறு வருசமாக எனக்குக் குடலில் வருத்தம். சிறுகுடல் வீங்கிப் புண்ணாகிற வருத்தம்; வரும், போகும், பிறகும் வரும். மூன்று வருசத்துக்கு முன் குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு வயிறு அமைதியாகிவிட்டது. பஸ்ஸில் போனால் இறங்குகிற இடத்தில் கக்கூஸ் இருக்குமோ என்று யோசிக்கிற பழக்கம்கூட மெல்ல விட்டுப்போனது. தப்பிவிட்டேன் என்றே நினைத்தேன்.

குருநகரில் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி எங்கள் வீடு. என் கணவர் கடலுக்குப் போகிறவர். நான் வீட்டிலிருந்து தைக்கிறேன். பிள்ளைகள் தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கும்போது போடுகிற வெள்ளைச் சட்டைகள் குவிந்து கிடந்த ஒரு மாதத்தில்தான் அது தொடங்கியது. மெஷினின் மிதியை மெதுவாகத்தான் அழுத்துகிறேன் என்று நினைத்தேன். மெஷின் பாய்ந்து ஓடியது. சாட்டின் துணி சுருண்டு, ஊசி என் விரலில் ஏறிவிட்டது. மிதியில்தான் பிழை என்று சொல்லி அதைக் கழற்றித் துடைத்தேன். மிதியில் ஒரு பிழையும் இல்லை.

பிறகு பாதங்களுக்கடியில் எந்நேரமும் மணல் ஒட்டியிருப்பது போல இருந்தது. கழுவினாலும் போகவில்லை. சவர்க்காரம் போட்டு முகம் கழுவக் கண்ணை மூடினால் உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு முகம் கழுவப் பழகினேன். ஒருநாள் சந்தைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றதென்றே தெரியவில்லை.

என் கணவரிடம் நான் சொல்லவில்லை. வருசக்கணக்காக என் வயிற்றின் கதையையே கேட்டுக் களைத்த மனுசன். ஒப்பரேஷன் நேரம் வள்ளத்தைக் கரையில் விட்டுவிட்டு வாரக்கணக்காக என் கட்டிலடியில் இருந்தவர். இனிக் காலின் கதையையும் எடுத்தால் என்ன செய்வார்? கிளினிக்கிலும் சொல்லவில்லை. அது குடலுக்கான கிளினிக். அங்கே போய்க் காலைப் பற்றிக் கதைப்பது, மீன் சந்தையில் போய்ச் சேலை கேட்கிற மாதிரி இருக்கும் என்று பட்டது.

ஒரு சனிக்கிழமை காலையில் அவரது வள்ளம் வந்திருக்குமோ என்று பார்க்கக் கரைக்குப் போனேன். வரவில்லை. வீட்டுக்குத் திரும்பி உலை வைத்தேன், வெங்காயம் உரித்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் வாசலில் நின்று, உள்ளே வராமல் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேரும், ஆருக்கு என்ன நடந்தது?"

திரும்பிப் பார்த்தேன். சிமெந்து நிலத்தில் வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் சிவப்பாக அடிச்சுவடுகள். எல்லாம் என் வலது பாதம். அவர் என்னைக் கதிரையில் இருத்திக் காலைத் தூக்கிப் பார்த்தார். உடைந்த மட்டி ஓடு ஒன்று குதிக்காலில் ஏறி, அப்படியே நின்றது.

"நோகேல்லையோ?"

"இல்லை."

"கொஞ்சமும்?"

"காலிலை ஒண்டும் தெரியுதில்லை. நாலு மாசமா."

அவர் ஓட்டைப் பிடுங்கினார். என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பிடுங்கினார். என் முகத்தில் ஒரு சுழிப்பும் இல்லை. அதைப் பார்த்துத்தான் அவருக்குக் கண் கலங்கியது. "நாலு மாசம் ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றார். பிறகு அன்று முழுக்க அவர் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் காயத்தைக் கழுவிக் கட்டியதும் அவர்தான், சோறு போட்டுத் தந்ததும் அவர்தான்.

திங்கட்கிழமை என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். என்னை முந்திக்கொண்டு, "காலைப் பாருங்கோ டொக்டர்" என்றார். டொக்டர் ஒரு இளம் பெண். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, சின்னப் பிடியில் பொருத்திய நூலொன்றால் என் பாதத்தில் அங்கங்கே தொட்டார். "தொடேக்கை சொல்லுங்கோ" என்றார். நான் காத்துக்கொண்டிருந்தேன். தொடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கையிலேயே, "சரி, கண்ணைத் திறவுங்கோ" என்றார். பத்து இடத்தில் தொட்டு முடித்திருந்தார்.

"ஒப்பரேஷனுக்குப் பிறகு மாதாமாதம் ஒரு ஊசி போடச் சொன்னவையே?"

"சொன்னவை. சத்து ஊசிதானே எண்டு நான்தான் விட்டிட்டன்."

"எவ்வளவு காலம்?"

"ஒண்டரை வருசம் இருக்கும்."

டொக்டர் என்னை ஏசவில்லை. கடதாசியில் குடலைப் படமாகக் கீறிக் காட்டினார். எனக்கு வெட்டி எடுத்தது சிறுகுடலின் கடைசித் துண்டு. பி பன்னிரண்டு என்கிற விற்றமினை உடம்பு அந்த இடத்தால்தான் எடுக்கும். அந்த இடம் இல்லையென்றால் எவ்வளவு மீன் சாப்பிட்டாலும் போதாது. கையிருப்பு முடிய நரம்பு கெடத் தொடங்கும். "இந்தக் குடல் வருத்தத்தாலையே சிலருக்கு நரம்பு பாதிக்கும், சில மருந்துக் குளிசையாலையும் பாதிக்கும். அதுகளையும் பாப்பம். ஆனால் முதல் ஊசி. எல்லாம் திரும்பி வருமெண்டு நான் சொல்லமாட்டன். இனி இதைவிடக் கூடாமல் பாக்கலாம்."

என் கணவர் மேசையிலிருந்த அந்த நூலைக் காட்டி, "டொக்டர், இது தங்கூசிதானே?" என்று கேட்டார். தூண்டில் கட்டுகிற நைலோன் நூலை நாங்கள் தங்கூசி என்போம். டொக்டர் சிரித்துவிட்டு, "கிட்டத்தட்ட அதுதான்" என்றார்.

அதோடு எங்கள் வீட்டில் ஒரு புது வழக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நான் கட்டிலில் காலை நீட்டுவேன். அவர் வீடு கூட்டுகிற தும்புத்தடியின் துண்டொன்றில் தங்கூசி கட்டி வைத்திருந்தார். நான் துணி வெட்டப் பாவிக்கிற மண்ணிறக் கடதாசியில் என் இரண்டு பாதத்தையும் வைத்துக் கீறி, உணர்ச்சி உள்ள இடத்தில் சரி போட்டு, இல்லாத இடத்தை வெறுமையாக விட்டார். முதல் மூன்று ஞாயிறும் பாதம் முழுக்க வெறுமைதான். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழும்பிப் போவார்.

நாலாவது ஞாயிறு அவரது அந்த முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "ஓம், தெரியுது" என்றேன். கொஞ்ச நேரம் பொறுத்து இன்னுமொரு "ஓம்" சொன்னேன்.

பென்சில் கீறுகிற சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தேன். தங்கூசி அவர் மடியில் கிடந்தது.

"நான் இன்னும் தொடவே இல்லையப்பா" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கையிலேயே நான் அழுதேன். அவர் என் பாதங்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, "வராட்டிப் பரவாயில்லை. எனக்குப் பொய் மட்டும் சொல்லாதையும்" என்றார்.

மூன்றாம் மாதம் குதிக்காலுக்கு உணர்ச்சி வந்தது. பிறகு பாதத்தின் வெளிப்பக்கம். குழாயைப் பிடிக்காமல் முகம் கழுவினேன். விரல்கள் மட்டும் வரவில்லை, இன்றைக்கும் இல்லை. இப்போது கட்டுச் செருப்புப் போடுகிறேன். வெளியே போய் வந்தால் கழற்றி, அடியில் ஏதும் ஏறியிருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் வைப்பேன்.

போன மாதம் கிளினிக்கில் காத்திருக்கிறவர்களின் நீட்டு வாங்கில் எனக்குப் பக்கத்தில் என் வயதுப் பெண் ஒருவர் இருந்தார். முஸ்லிம்கள் வாழும் சோனகத் தெருக்காரர். அவருக்கும் இதே வருத்தம். வயிற்றுக் கதையெல்லாம் முடிய, "கை கால் எப்பிடி?" என்று கேட்டேன்.  "விரல் நுனியெல்லாம் எறும்பு ஓடுற மாதிரி" என்று மெல்லச் சொன்னார். "அதைக் குடல் டொக்டரிட்டை ஏன் சொல்லவேணும் எண்டு இருக்கிறன்."

"சொல்லத்தான் வேணும்" என்றேன்.

அவரது நம்பரைக் கூப்பிட்டார்கள். தனியே போகத் தயங்கினார். நானும் எழும்பி, அவரோடு உள்ளே போனேன்.