ஓடை இறங்கக் காத்திருந்தவர்கள்

பேரன் நாகலாபுரத்து மலையில் நடந்துவிட்டு வந்து, நனைந்த பூட்ஸை வாசலில் கழற்றிப் போட்டிருக்கிறான். ராயபுரத்தில் எங்கள் தெரு முழுக்கக் கருவாட்டு வாசனை. அதற்கு நடுவே, தண்ணீரில் ஊறிய இலையின் வாசனை. எத்தனையோ வருஷம் ஒரே மூச்சில் காணாமல் போயிற்று, போங்கள்.

அந்த மலையில் நான் ஏறியது செருப்புகூட இல்லாமல். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். பிற்பாடு லாரி வாங்கினேன், ஒன்றல்ல. யாரும் தூக்கிவிடவில்லை. அது இருக்கட்டும், பெண் கேட்கப் போன கதையைச் சொல்ல வந்தேன்.

எங்கள் பக்கத்து விறகுத் தொட்டிக்கு மலைக்கு அப்பாலிருந்து ஒருவர் விறகு கொண்டுவருவார். ஒருமுறை வண்டியில் அவர் மகளும் வந்தாள். நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள் என்றுதான் இன்றும் சொல்கிறேன். அவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

"வெள்ளிக்கெழம வெளக்கு வைக்கறதுக்குள்ள வூட்டுக்கு வந்து மொறையா கேளு. சனிக்கெழம ஊத்துக்கோட்டைக்காரங்க தட்டு மாத்த வராங்க" என்றார்.

துணைக்குக் காசிமேட்டுத் தேசிங்கு வந்தான். வலை போடுகிறவன், என் தோஸ்து. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். சின்ன மலைதான். பாதைகூடவே ஓடையும் பேசிக்கொண்டு வந்தது. தேசிங்கு ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"இன்னா மாமு, உப்பே இல்ல?"

பாதை ஓடையைக் கடக்கும் இடத்துக்கு வந்தோம். மேலே எங்கோ மழை போலிருக்கிறது. கண்ணெதிரே தண்ணீர் செம்மண் நிறத்தில் ஏறி, கால் வைக்கும் கற்களை மூடிவிட்டது. நான் தவித்தேன். தேசிங்கு பாறையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான்.

"இன்னாத்துக்குக் கூவற? ஏறின தண்ணி எறங்கித்தான் ஆவணும். எண்ணூர் முகத்துவாரத்துல நாங்க பாக்காததா? குந்து."

எனக்கும் நியாயமாகவே பட்டது. குந்தினேன். பொழுதுதான் இறங்கியது, தண்ணீர் இறங்கவில்லை.

"பொண்ணு போச்சுடா கஸ்மாலம்!"

"சும்மா கெட நைனா. எறங்கும்."

கடைசியில் தேசிங்குக்கு வயிறு கலக்கியது. மறைவு தேடி ஓடையோரமாக மேலே போனான். சற்று நேரத்தில் எதிர்க்கரையிலிருந்து அவன் குரல்.

"மாமு! மேல வா! இங்க குறுகலா கீது, ஒரே தாண்டுதான்!"

கடலுக்கு மேல்பக்கம் கிடையாது. கரையில் பிறந்த எங்களுக்கு, தண்ணீரின் ஓரமாக மேலே நடந்து பார்க்கலாம் என்று தோன்றவே இல்லை.

அவர் வீட்டில் விளக்கேற்றும்போது நுழைந்தோம். வெள்ளத்தை நீந்திக் கடந்து வந்தேன் என்றேன். தேவைப்பட்டால் நீந்தியிருப்பேன், அதில் சந்தேகமில்லை. தேசிங்கு வாயைத் திறக்கவில்லை. பெண் கிடைத்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு திறந்தான். அதிலிருந்து, யார் வந்தாலும் நான் நீந்திய கதையைச் சொல்வேன். அவள் உள்ளேயிருந்து, "நான் வாக்கப்பட்டது தேசிங்கண்ணன் வயித்தாலதான்" என்பாள். வீடே சிரிக்கும். தேசிங்கு இருந்தால், வயிற்றைத் தட்டிக் காட்டுவான்.

இப்போது இருவரும் இல்லை. போன வாரம் புதிதாய் வந்த சம்பந்தியிடம் சொன்னேன். நீந்திக் கரையேறும் இடத்தில் வழக்கம்போல் கொஞ்சம் நிறுத்தினேன். உள்ளே மிக்ஸி ஓடும் சத்தம்தான் கேட்டது.

"அடேயப்பா, எப்பேர்ப்பட்ட துணிச்சல்!" என்றார் சம்பந்தி. மனுஷர் நம்பிவிட்டார்.