கிண்ணத்தில் விழாத புழு

இரும்புலியூர் கிளினிக்கில், துளைக்காமல், ஊசி போடாமல், என் மகளின் சொத்தைப் பல்லில் டாக்டர் ஒரு சொட்டு மருந்தைத் தடவினார். "அந்த இடம் கறுத்துடும். ஆனா சொத்தை பரவாது," என்றார். அவள் துப்பிய கிண்ணத்தில் பஞ்சுத் துணுக்கு மிதந்தது.

சின்ன வயதில் என் சொத்தைப் பல்லுக்குப் பெரியப்பாவும் வைத்தியம் பார்த்தவர்தான். கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு, புகையை வாயில் பிடிக்கவைத்தார். தெறித்த விதைகள் பக்கத்தில் வைத்திருந்த கிண்ணத்துத் தண்ணீரில் மிதந்தன. "பாத்தியா, எம்மாம் புழு கீது," என்று தெருவையே கூட்டினார். அறிவியல் வாத்தியாரான என் அப்பா உட்பட எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தப் பல் பிறகு பிடுங்கப்பட்டது.

இன்று எங்களோடு கிளினிக்குக்கு வந்திருந்த, சொந்தப் பல் ஒன்றுகூட இல்லாத அதே பெரியப்பா, பல்செட்டோடு கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"இன்னா டாக்டர், ஒரு புழுகூட வரலியே."