கடையநல்லூரில் இறங்காத பாலம்மாள்

பாலம்மாளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். வாழ்க்கைப்பட்ட ஊரோ வறண்ட எம். புதுப்பட்டி. இருக்கன்குடிக்குப் போனால் ஆறாவது உண்டே என்பீர்கள். அந்த ஆற்றிலும் மணலைத் தோண்டித்தான் ஒரு செம்புத் தண்ணீர் மொள்ள வேண்டும். குற்றாலத்து அருவியில் தலை நனைக்க வேண்டும், கன்னியாகுமரிக் கடலில் கால் நனைக்க வேண்டும், பக்கத்தில் புருஷன் நிற்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டது இவ்வளவுதான்.

புருஷன் அய்யாதுரை தங்கமான மனுஷர். குடி கிடையாது, சீட்டுக் கிடையாது. சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தார். அவருக்கு ஒரே ஒரு வியாதி, வானத்து மேகம். வெடியும் மத்தாப்பும் வெயிலில் காய்ந்தால்தான் சரக்கு, ஈரம் பட்டால் குப்பை. அதனால் அந்த ஊரில் எல்லோரும் பேச்சுக்கு நடுவே வானத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். அய்யாதுரை பார்வையோடு நிற்க மாட்டார். எந்த ஊரில் கருத்த மேகத்தைக் கண்டாலும் அது பட்டாசு காயும் தன் களத்துக்கு மேலேயே நிற்பதாக அவருக்குத் தோன்றிவிடும்.

திருச்செந்தூருக்குக் கிளம்பிய வருஷம் கோவில்பட்டியோடு திரும்பினார்கள். குற்றாலத்துக்குக் கிளம்பிய வருஷம் ராஜபாளையத்தைத் தாண்டவில்லை. மலைமேல் மேகம் என்றார். ஆடி மாதம் மேற்கு மலையில் மேகம் இல்லாமல் அடுப்புப் புகையா நிற்கும்? மூச்சிரைக்க வீடு வந்தால் புதுப்பட்டியில் மண்டையைப் பிளக்கிற வெயில். களத்தில் வேலை பார்த்த ராமுத்தாய், "என்ன மொதலாளி, குத்தாலத்த அதுக்குள்ள பாத்துட்டீகளா?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடியில் மறுபடியும் குற்றாலத்துக்குக் கிளம்பினார்கள். கூடவே அய்யாதுரையின் அக்கா சொர்ணலட்சுமியும் வந்தாள். சங்கரன்கோவில் வரைக்கும் மனுஷர் நல்ல பிள்ளையாக முறுக்குத் தின்றுகொண்டு வந்தார். கடையநல்லூரில் ரயில் நின்றது. மலை கருத்துக் கிடந்தது.

"எறங்கு பாலம்மா! களத்துல வெடிச் சரம் பூராவும் காயக் கெடக்கு."

"அங்கன ராமுத்தாய் இருக்கால்ல. மழை வந்தா அள்ளி உள்ள வைக்க மாட்டாளா?"

"அவ வாயடிக்கவே நேரம் பத்தாது. எறங்கு, எதிர் வண்டி வந்துரும்."

பையைத் தூக்கிக்கொண்டு அவர் பிளாட்பாரத்தில் குதித்துவிட்டார். பாலம்மாளுக்கு வந்ததே கோபம்! ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீக போயி மேகத்த மேய்ச்சுக்கிட்டு இருங்க. நான் குளிச்சுட்டுத்தான் வருவேன்" என்றாள்.

"ஏ புள்ளே, தனியாவா போகப் போற?"

"நான் ஒருத்தி இருக்கது ஒன் கண்ணுக்குத் தெரியலையாலே?" என்றாள் அக்கா.

கார்டு விசில் ஊதினார். ரயில் நகர்ந்து கொஞ்ச தூரம் போனபிறகுதான் புளிச்சோற்று மூட்டையும் அந்தப் பையோடு போய்விட்டது தெரிந்தது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

தென்காசிக் கோயிலின், அப்போது இடிந்து கிடந்த கோபுர வாசலில் அடித்த காற்று இருவரையும் உள்ளே தள்ளிக்கொண்டு போனது. குற்றாலத்தில் அருவிக்கு அடியில் தலையை நீட்டியதும் பாலம்மாள் "அம்மாடியோ!" என்று அலறினாள். முதுகில் யாரோ மொத்துவதுபோல் இருந்தது. வெளியே ஓடி வந்தாள், திரும்ப ஓடினாள். ஈரத் தலையோடு சித்திர சபையின் பழைய ஓவியங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எல்லாம் முடிந்து ஈரச் சேலையைப் பிழிகிறபோது அழுகை வந்துவிட்டது. இந்தப் பாவி மனுஷன் இதைப் பார்க்காமல் போனாரே!

வீடு திரும்பினால், அங்கே ஒரு பொட்டு மழை இல்லை. அய்யாதுரை தலையைக் குனிந்துகொண்டு, "கொளம்பு இருக்கு, சாப்புடு" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்த இரண்டு பெண்களையும் பிடித்து நிறுத்த ஆளில்லை. மதுரை மகால், தரங்கம்பாடிக் கோட்டை, பத்மநாபபுரத்து அரண்மனை என்று வருஷம் ஒரு ஊர். வந்து பாலம்மாள் கதை சொல்ல, அய்யாதுரை வேறெங்கோ பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். "அந்த அரமனைத் தரையில மூஞ்சி தெரியுதா?" என்பார். "நீகளும் வாங்களேன்" என்றால், "பாப்பம்" என்பார். பத்மநாபபுரம் வரைக்கும் போனவள் கன்னியாகுமரியை மட்டும் தொடவில்லை. மதினி சொர்ணலட்சுமி எவ்வளவோ இழுத்துப் பார்த்தாள். அது அவரோடுதான் என்று பிடிவாதமாக இருந்துவிட்டாள்.

அறுபத்துமூன்றாம் வருஷம் ஒருநாள் அவராகவே வாயைத் திறந்தார். "கன்னியாகுமரிக்குப் போவமா?" பாலம்மாள் நம்பவில்லை. பஸ் ஏறியும் நம்பவில்லை. நாகர்கோவில் தாண்டியபிறகுதான் மூச்சு விட்டாள்.

கடற்கரையில் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. தெற்கே இருட்டிக்கொண்டு வந்தது. முதல் தூறல் மணலில் விழுந்தது. அய்யாதுரை எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், பையை எடுத்தார். போச்சு! பாலம்மாளுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

அவர் பையைக் கொண்டுபோய்ச் சங்குக் கடைக்காரரிடம், "கொஞ்சம் பாத்துக்கங்க" என்று கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்து அவளிடம் கையை நீட்டினார்.

"அங்கன களத்துலயும் பெய்யுமோ என்னவோ" என்றாள் பாலம்மாள், மனசு கேட்காமல்.

"பெஞ்சா பெய்யட்டும். நீ என்ன இன்னும் ஒக்காந்திருக்க? எந்திரி, அலை போயிரப் போகுது!"